முதல் அத்தி மரம்: பாலைவன முறையை சுங்கை சிப்புட்டில் அப்படியே பின்பற்றலாமா?

சுங்கைக்கரை
வணக்கம். தீன், அதாவது அத்திக் கன்று ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முழங்கால் உயரம், ஏழு இலை, கறுப்பு பாலிபேக். விற்றவர் பிரவுன் டர்க்கி ரகம் என்று சொன்னார். இதே நேரம் அமீரகத்தின் பாலைவன ஊரான அல் அய்னில் இருக்கும் தங்கச்சியும் வீட்டு முற்றத்தில் ஒன்று வைக்கப் பார்க்கிறாள். அங்கே அவளுக்குச் சொன்ன முறை: கன்றைக் கொஞ்சம் ஆழமாக நடு, மண்ணை மூட 10 செ.மீ. மூடாக்கு போடு, வேர் பிடித்தபின் வாரம் ஒருமுறை வெள்ளமாகத் தண்ணீர் விடு, தண்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடி, முதல் கோடைக்கு நிழல் வலை கட்டு. இரண்டு ஊரும் சூடுதானே, இங்கே மலேசியாவிலும் இதையே செய்யலாமா? லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பக்கம் காலி நிலம் இருக்கிறது. தரையா, தொட்டியா?

மண்டோர்
சூடு என்பதோடு ஒற்றுமை முடிந்தது தம்பி. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் பெர்லிஸ் சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, 40.1 டிகிரி. நமக்கு அது சாதனை. அல் அய்னில் கோடையில் 45 என்பது சாதாரண நாள். அரிசோனா ஃபீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 43க்குக் குறையவே இல்லை. அந்த ஊர்களிலும் அத்தி காய்க்கிறது. ஆக வெயில் அதற்கு எதிரி இல்லை.

மழையைப் பாருங்கள். அல் அய்னில் வருஷத்துக்கு 100 மி.மீ. கூட இல்லை. உங்களுக்குக் கோலாகங்சாரைத் தாண்டினால் தைப்பிங், அங்கே சராசரி 4000 மி.மீ. நம் பக்கம் அத்தியைக் கொல்வது நனைந்த வேரும் நனைந்த இலையும்தான். தங்கச்சிக்குச் சொன்ன ஐந்தும் தண்ணீரைப் பிடித்து வைக்கவும் வெயிலைத் தடுக்கவும் வந்த முறைகள். இங்கே தண்ணீரை வெளியேற்றும் வேலை, வெயிலை உள்ளே விடும் வேலை. நிழல் வலை வேண்டவே வேண்டாம், நாள் ஒன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஆழ நடவு வேண்டாம், பாலிபேக்கில் மண் எந்த மட்டமோ அதே மட்டம். வாரம் ஒருமுறை வெள்ளம் விடுவது தொட்டியில் அர்த்தமில்லாதது. பெயிண்ட் தேவையில்லை. மூடாக்கு மட்டும் போடலாம், அதுவும் 3 செ.மீ. போதும், தண்டைத் தொடாமல்.

பேரீச்சை_நிழல்
அல் அய்ன் பாதிக்கு நான் சொல்கிறேன், வளைகுடாவில் எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நடும் மாதம் அக்டோபர் அல்லது நவம்பர். கோடை வரும் முன் வேர் ஓட ஆறு மாசம் கிடைக்கும். ஏப்ரலுக்கு மேல் நட்டால் முதல் கோடையே பாதி உயிரை எடுத்துவிடும். குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவைவிட ஒரு கை. தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாளில் வடியவில்லை என்றால் அடியில் சுண்ணாம்பு இறுகிய அடுக்கு இருக்கிறது. கடப்பாரையால் அதை உடைத்துத் துளைக்காமல் நட்டால் குழி தொட்டியாகிவிடும், பாலைவனத்திலும் வேர் அழுகும்.

கன்றை 5 செ.மீ. ஆழ்த்தி நடலாம், தண்டிலிருந்து கூடுதல் வேர் விடும். சுற்றி ஒரு மீட்டர் விட்டத்தில் பாத்தி. முதல் கோடையில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர், வேர்க்கட்டி மேலேயே. இரண்டாம் வருஷத்திலிருந்து ஆழமாக, இடைவெளி விட்டு. கணக்கு எளிது: ஒரு மீட்டர் விட்டம், 60 செ.மீ. ஆழம் என்றால் மண் சுமார் 470 லிட்டர். மணல் கலந்த மண் அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும். ஆக ஒரு தடவைக்கு 45 முதல் 50 லிட்டர், மெதுவாக. விட்டபின் ஒரு நீளக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் போன ஆழம்வரை கம்பி வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தில் நிற்கும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல் மண்ணிலேயே தங்கிவிடும். இலை ஓரம் கருகி உள்ளே ஏறுவது பெரும்பாலும் அதனால்தான். கருகலைப் பார்த்து வெயில் சுட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தெளிப்பார்கள், உப்பு இன்னும் ஏறும்.

வெள்ளைப் பெயிண்ட் என்றால் உட்சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பெயிண்ட், அதே அளவு தண்ணீர் கலந்து. இளந்தண்டின் மேற்குப் பக்கத்தில் பட்டை வெந்து பிளந்தால் அந்தப் பிளவில் துளைப்பான் பூச்சி நுழையும். எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. நிழல் வலை 30 முதல் 40 விழுக்காடு, முதல் கோடைக்கு மட்டும்.

மூணாம்நம்பர்_லயம்
அண்ணே ஒரு சந்தேகம். அல் அய்ன்ல பேரீச்சைக்கு அடியில அத்தி வைக்கிறாங்கன்னு படத்துல பாத்தேன். நம்ம செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) அடியில வைக்கலாமா? நிலம் சும்மாதான கிடக்கு.

பேரீச்சை_நிழல்
படம் சரி. அங்கே சோலைகளில் மேலே பேரீச்சை, நடுவில் அத்தி, மாதுளை மாதிரிப் பழமரம், கீழே தீவனப்புல் என்று மூன்று அடுக்கு. ஃபலஜ் என்ற வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் அந்தச் சோலைகளும் உண்டு. பேரீச்சை மட்டை மெலிசு, வெயில் சலித்து இறங்கும்.

மண்டோர்
செம்பனை அப்படி இல்லை. ஆறு வயதில் மட்டையோடு மட்டை கோத்துக்கொள்ளும். அடியில் பகலிலும் அந்திதான். அத்தி வைத்தால் கொடி மாதிரி நீளும், காய் வராது. இன்னொன்று, தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிற இடம் அது. கிளைஃபோசேட் சாரல் அத்தியின் பச்சைத் தண்டில் பட்டாலே உள்ளே போகும். அடுத்து வரும் இலை விரல் விரலாகக் குறுகி, நாடா மாதிரி வந்தால் நோய் என்று மருந்து தேடாதீர்கள், சாரல் பட்டிருக்கிறது. லயத்துக் காலி நிலமும் தோட்டத்து வேலியை ஒட்டி இருந்தால் இதே கதிதான்.

சூசு_டின்
சுங்கைக்கரை அண்ணா, தொட்டியில் ஆரம்பியுங்கள். முதல் வருஷத்துக்கு 18 லிட்டர் பெயிண்ட் வாளி போதும், அதற்குப் பிறகு 40 லிட்டர். எடுத்ததும் பெரிய தொட்டியில் சின்னக் கன்றை வைத்தால் வேர் போகாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

வாளி அடியில் 12 மி.மீ. துளை எட்டு, பக்கச் சுவரில் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே நான்கு. அடி அடைத்துக்கொண்டாலும் பக்கத் துளை காப்பாற்றும். வாளியைச் செங்கல் மேல் வையுங்கள். மண்ணில் நேராக வைத்தால் துளை வழியே வேர் தரைக்கு இறங்கும், வேரைத் தாக்கும் நூற்புழு அந்த வழியில்தான் ஏறும்.

கலவை, அளவு வாளியில்: தென்னை நார்த்தூள் 2 பங்கு, கருக்கிய உமி 2 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு, கரடு மணல் 1 பங்கு. நர்சரியில் விற்கும் மூணு ரெண்டு ஒண்ணு கலவை (மண், எரு, மணல்) செம்பருத்திக்குச் சரி, அத்திக்கு இறுக்கம் அதிகம். நார்த்தூளை வாங்கியதும் இரண்டு தடவை நனைத்துப் பிழிந்து கழுவுங்கள், உப்பு இருக்கும். கோழி எரு பச்சையாக இருந்தால் வேரை வேகவைத்துவிடும். கையில் எடுத்தால் சூடோ நெடியோ இருக்கக் கூடாது.

நம் ஊர் மண் புளிப்பு. அத்திக்குப் பிஎச் 6 முதல் 7 வேண்டும். 40 லிட்டர் கலவைக்கு டோலமைட் சுண்ணாம்பு கால் சூசு டின் (டின்பால் டப்பா), கிட்டத்தட்ட 120 கிராம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை மேலாக இரண்டு மேசைக்கரண்டி. தங்கச்சி இதைச் செய்யவே கூடாது! அங்கே மண் ஏற்கெனவே சுண்ணாம்பு. அங்கே இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வந்தால் இரும்புக் குறைவு.

உரம்: இலை விடும் காலத்தில் பச்சை என்பிகே 15:15:15, காய் தெரிந்ததும் நீல என்பிகே 12:12:17. 18 லிட்டர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வாளி ஓரத்தில் தூவி மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். யூரியா பக்கம் போகாதீர்கள். இலை சாப்பாட்டுத் தட்டு அளவு வரும், காய் ஒன்றும் நிற்காது.

பாராங்
எல்லாரும் தொட்டி தொட்டினு சொல்றீங்க. தரையிலயும் வரும். மேடு போடணும், அவ்வளவுதான். 45 செ.மீ. உயரம், ஒன்றேகால் மீட்டர் அகலம், நடுவுல நடணும். மலைச்சரிவுல இருக்குற லயத்து நிலம்னா தண்ணி நிக்கவே நிக்காது. தொட்டி மரம் மாதிரி ரெண்டு நாள் ஊருக்குப் போனா வாடாது.

மண்டோர்
மேடு போட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீரும், ஒப்புக்கொள்கிறேன். மீதி இரண்டு தீராது. ஒன்று, மேடு மேலே மழை. இலை நனைவதை எந்த மேடு தடுக்கும்? இரண்டு, நூற்புழு. லயத்துப் பின்கட்டு என்றால் முப்பது நாற்பது வருஷமாக மரவள்ளி, வாழை, கத்தரி போட்ட மண். வேர்முடிச்சு நூற்புழு இல்லாமல் இருக்காது. அத்திக்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. மண் ஈரமாக இருக்கும்போதே மத்தியானம் இலை தொங்கும், சாயந்திரம் எழுந்துகொள்ளும். ஒரு வேரைத் தோண்டிப் பார்த்தால் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு. நகத்தால் சுரண்டினால் முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். அந்த நிலையில் வீட்டு மருந்து எதுவும் கேட்காது. மேலே இருந்து குச்சி வெட்டிப் புதுக் கலவையில் வேர் பிடிக்க வைத்துவிட்டுத் தாய் மரத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மூன்றாவதாக லொங்காங். வீட்டுச் சாக்கடையிலிருந்து நாலு மீட்டராவது தள்ளி வையுங்கள். அத்தி வேர் சிமெண்ட் விரிசலைத் தேடிப் போகும்.

பாராங்
லொங்காங் சரி. நூற்புழுவும் சரி. ஆனா புது மேட்டுக்குத் தோட்டத்து மண்ணப் போடாம வெளிய இருந்து ஆத்து மணலும் எருவும் போட்டா ரெண்டு, மூணு வருஷம் நல்லாவே காய்க்கும். முதல் மரத்துக்குத் தொட்டி, ரெண்டாவதுக்கு மேடு. இப்படி வச்சுக்கலாம்.

சுங்கைக்கரை
தொட்டி என்று முடிவு செய்துவிட்டேன். மழைக்கு என்ன செய்வது? தினமும் மூன்று மணிக்கு மேல் கொட்டுகிறது. இரண்டு கீழ் இலையில் ஏற்கெனவே பழுப்புப் புள்ளி.

சூசு_டின்
அந்த இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள் அண்ணா. மஞ்சள்தூள் அப்பின மாதிரிக் கறை வந்தால் துரு நோய். மேல்பக்கம் கோணல் கோணலான மஞ்சள் புள்ளி, அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடி. கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். விட்டால் சில வாரத்தில் மரம் மொட்டை. மொட்டையானால் சாகாது, ஆனால் இருக்கும் காய் பருக்காமல் சப்பென்று போகும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்: நோய் இலையைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்கு, வாளிக்குள் போடக் கூடாது. தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் மட்டும், காலையில். மரத்துக்கு மரம் ஒன்றரை மீட்டர். தண்டின் கீழ் 30 செ.மீ. இலையே இல்லாமல். இவ்வளவும் செய்த பிறகுதான் மருந்து. மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கம் நனைய. அது தடுப்பு மருந்து, ஏற்கெனவே வந்த புள்ளியை ஆற்றாது. பாக்கெட்டில் உள்ள அளவும் அறுவடை இடைவெளியும்தான் கடைசி வார்த்தை. பழம் பழுக்கும் நேரத்தில் அடிக்கவே கூடாது, அத்தியைத் தோலோடு சாப்பிடுகிறோம்.

மண்டோர்
மருந்தைவிடக் கூரை மலிவு. வெயில் தாங்கும் பசுமைக்குடில் பிளாஸ்டிக், 180 அல்லது 200 மைக்ரான். முன்பக்கம் 3 மீட்டர், பின்பக்கம் இரண்டரை, நாலு பக்கமும் திறப்பு. பக்கத்தை மூடினால் காற்று நின்று சிலந்திப்பேன் வரும். சாதாரணத் தார்ப்பாய் கட்டாதீர்கள், மழை நிற்கும், வெளிச்சமும் நின்றுவிடும். கார் ஷெட்டில் ஒளி ஊடுருவும் தகடு போட்டிருந்தால் அதன் கிழக்கு ஓரமே போதும்.

கூரைக்கு அடியில் வந்துவிட்டால் தண்ணீர் உங்கள் பொறுப்பு. 18 லிட்டர் வாளிக்கு வெயில் நாளில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். விரலை 5 செ.மீ. விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் சின்னக் காய் உதிரும், பெரிய காய் வெடிக்கும். அல் அய்னிலும் இதே கதைதான், அங்கே காரணம் தவறவிட்ட தண்ணீர், இங்கே காரணம் மழை.

மூணாம்நம்பர்_லயம்
மூடாக்குக்கு மில்லுல இருந்து செம்பனை வெறுங்குலை (பழத்த எடுத்தபின் மிஞ்சுற குலை) கொண்டாரலாமா? சும்மாவே தர்றாங்க.

மண்டோர்
கொண்டுவரலாம், குவிக்காதீர்கள். மக்குகிற செம்பனைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தோட்டத்திலேயே வெறுங்குலையை ஒற்றை அடுக்காகத்தான் பரப்பச் சொல்வார்கள், அதற்காகத்தான். தொட்டிக்குள் கட்டை விரல் பருமன் வெள்ளைப் புழு இறங்கினால் வேரைக் கடித்துத் தின்றுவிடும். பிய்த்து, நார் நாராகக் காயவைத்து, ஒரு கைப்பிடி போடுங்கள்.

குலைவெட்டி
பெயர்ப் பலகையை நம்பாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே. அத்தியில் மூன்று வகை. சாதாரண அத்தி மகரந்தம் இல்லாமலே காய்த்துப் பழுக்கும். ஸ்மிர்னா வகைக்கு அத்திக் குளவி வேண்டும், அது இங்கே இல்லை. சான் பெட்ரோ வகை முதல் காய்ப்பு தானாக, அடுத்த காய்ப்புக்குக் குளவி. ஸ்மிர்னா வகையான கலிமிர்னா வாங்கினால் கட்டை விரல் அளவில் எல்லாக் காயும் மஞ்சளாகி விழும், நீங்கள் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிரவுன் டர்க்கி, மசுய் டோஃபின், கொனாட்ரியா, வயலெட் டி போர்டோ, பனாஷே எல்லாம் சாதாரண வகை. பனாஷே வரிவரியாக அழகு, ஆனால் மெதுவாகப் பழுக்கும், முதல் மரத்துக்கு வேண்டாம். தங்கச்சிக்குப் பிளாக் மிஷன், பிரவுன் டர்க்கி, கடோட்டா, கொனாட்ரியா நான்கும் பாலைவனத்தில் பழகியவை.

அத்தி பூத்த மாதிரி என்று நாம் சொல்வதும் இதனால்தான். பூ முழுக்கக் காய்க்குள்ளே. வெளியே பூ தேடி ஒரு பயனும் இல்லை, இலைக்காம்பு இடுக்கில் மிளகு அளவில் உருண்டை வந்தால் அதுதான் பூ, அதுதான் காய்.

சுங்கைக்கரை
வெட்டுவது எப்போது? தங்கச்சி மரம் குளிரில் இலை உதிர்த்துத் தூங்குமாம். இங்கே தூங்காதே.

குலைவெட்டி
தூங்காது. நீங்கள்தான் வெட்டி எழுப்ப வேண்டும். இங்கே காய் புதுக் கிளையில் வரும். கிளைக்கு இரண்டு, மூன்று கணு விட்டு, கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். பத்து, பதினைந்து நாளில் துளிர். மூன்று, நாலு கிளை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐந்தாம் ஆறாம் இலையிலிருந்து காய் தெரியும். தெரிந்து பழுக்க 80 முதல் 100 நாள். மொத்தம் நாலு, நாலரை மாசம். பேராக்கில் ஏப்ரல், மேயும் அக்டோபர், நவம்பரும் பெருமழை. பழம் ஜனவரி, பிப்ரவரியில் வேண்டும் என்றால் செப்டம்பர் நடுவில் வெட்டு. ஜூன், ஜூலைக்கு பிப்ரவரி. கூரை இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும்.

இப்போது இருக்கும் ஏழு இலைக் கன்றை வெட்டாதீர்கள். தண்டு பென்சில் பருமனைத் தாண்டி, 60 செ.மீ. உயரம் வந்த பிறகு நுனியைக் கிள்ளினால் போதும்.

வெட்டிய குச்சியை எறியாதீர்கள். 15 முதல் 20 செ.மீ., மூன்று, நாலு கணு, இரண்டு கணு மண்ணுக்குள். நார்த்தூளும் உமியும் சரிபாதி, பிழிந்தால் சொட்டாத ஈரம், நிழல். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர். அதற்கு முன்னாலேயே இலை விட்டால் ஏமாறாதீர்கள், அது குச்சியில் இருந்த சேமிப்பு. இழுத்துப் பார்த்தாலும் கெட்டது.

பாராங்
வெட்டும்போது பால் வடியும். கித்தா (ரப்பர்) மரம் சீவின கைக்குப் பழக்கம்னு சும்மா விட்டுறாதீங்க. இந்தப் பால் தோல்ல பட்டு மேல வெயிலும் பட்டா கொப்புளம் வரும், கறுப்புத் தழும்பு மாசக்கணக்கா நிக்கும். கையுறை, நீளக் கை சட்டை, வேலை முடிஞ்சதும் சவக்காரம். வெட்டுற வேலைய சாயந்திரத்துக்கு வச்சுக்குங்க.

மூணாம்நம்பர்_லயம்
வீட்டுல அத்தி வைக்கக்கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லும். அதுக்கு என்ன சொல்றீங்க?

சூசு_டின்
பாட்டி சொன்னது ஆலும் அரசும் மாதிரி பெரிய மரமாகிற நாட்டு அத்தியை. அது சுவரைப் பிளக்கும். இது வாளியில் இரண்டு மீட்டர் நிற்கிற சீமை அத்தி.

சுங்கைக்கரை
கடைசிக் கேள்வி. பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சையாகப் பறித்து அரிசிக்குள் வைத்தால் பழுக்குமா?

குலைவெட்டி
பழுக்காது. மாங்காய் மாதிரி இல்லை இது. வாரக்கணக்கில் ஒரே அளவில் நின்ற காய் கடைசி நாலைந்து நாளில் திடீரென்று இரட்டிப்பாகும். அப்போதே மெல்லிய வலைப்பை கட்டுங்கள். மைனாவும் அணிலும் உங்களைவிடச் சீக்கிரம் எழும். காகிதப் பை மழையில் ஒட்டிக்கொண்டு பழத்தை அழுக்கும். பழத்தின் கழுத்து தளர்ந்து தலை கீழே தொங்க வேண்டும், தோலில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு வரும், தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்கும். பறித்த காம்பில் வெள்ளைப் பால் வந்தால் ஒரு நாள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அடிக்கண்ணிலிருந்து புளித்த வாடையோடு நுரை வந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அந்தப் பழம் குப்பைக்கு, அடுத்த தடவை கூரையைப் பார்க்கவும்.

பேரீச்சை_நிழல்
தங்கச்சிக்கும் சொல்லிவையுங்கள்: அங்கே மரத்திலேயே சுருங்கவிட்டுப் பறிக்கலாம், காற்று உலர்த்திவிடும். நீங்கள் இங்கே அந்த ஆசையில் ஒரு நாள் விட்டால் பூஞ்சணம்.